ஆறவிட்டு அளப்பது

கோவை கணபதியில் சில தெருக்களில் காதை வைத்துக்கொண்டே நடக்கலாம். முன்னறையில் லேத் ஓடும் வீடுகள் அவை. பின்னால் அடுப்படி, மாடியில் காயும் துணி, வாசலில் கோலம்; கோலத்தைத் தாண்டி இரண்டு எட்டு வைத்தால் இரும்பு. வார்ப்பிரும்பைக் கடைகிறார்கள் என்றால் சரசரவென்று வறண்ட ஓசை வரும். எஃகு என்றால் ஓசை நீளும், அடங்கிக் கேட்கும். டூல் முனை மழுங்கியதும் அதே எஃகு கீச்சிடத் தொடங்கும். உள்ளே இருப்பவர் உடனே மெஷினை நிறுத்துவார். நிறுத்தவில்லையென்றால் ஆள் டீக்கடைக்குப் போயிருக்கிறார், பையனை நிற்க வைத்திருக்கிறார் என்று பொருள். தொழில் தெரிந்தவர்களுக்கு இந்தத் தெரு ஒரு பேச்சு.

இந்த ஊரில் வேலையை விட்டுச் சொந்தமாகத் தொடங்குவது நெடுநாள் வழக்கம். 1888-இல் ஸ்டேன்ஸ் மில் வந்தது. அதன் பின்னே வரிசையாகப் பஞ்சாலைகள். ஆலைக்கு ஒரு பட்டறை வேண்டும். தேய்ந்த உறுப்பை அங்கேதான் கடைந்து மாற்றுவார்கள். அந்தப் பட்டறைகளில் பிட்டர்களும் டர்னர்களும் கை பழகினார்கள். 1926-இல் தோன்றிய பி.எஸ்.ஜி. அறநிலையம் தொழில் கற்றுக்கொடுத்தது. 1930களில் பைக்காராவிலிருந்து மின்சாரம் இறங்கி வந்ததும் கிணறுகளுக்கு மோட்டார் வைக்கும் காலம் பிறந்தது. பம்பு, மோட்டார், பிறகு வெட் கிரைண்டர். கை பழகியவர்களில் சிலர் வெளியே வந்து, பழைய லேத் ஒன்றும் டூல் தீட்டும் அரவைக்கல் ஒன்றும் வாங்கிப் போட்டு உட்கார்ந்தார்கள். இன்றும் பெரிய கம்பெனிகளின் பம்புக்குள் இருக்கும் எத்தனையோ உறுப்புகள் இப்படிப்பட்ட முன்னறைகளில் கடைந்து போனவைதான். ஜாப் ஒர்க் என்பார்கள். பாகத்தைக் கம்பெனி கொடுக்கும், கூலியை நாம் வாங்குவோம்.

நானும் ஐ.டி.ஐ. முடித்து, ஒரு பம்பு கம்பெனியில் டர்னராகப் பல வருடம் இருந்து, அப்படியே வெளியே வந்தவன். கணக்குத் தீர்த்தார்கள். 1972-ஆம் வருடக் கிராஜுவிட்டி சட்டப்படி ஒவ்வொரு வருடச் சேவைக்கும் 15 நாள் சம்பளம், மாதத்தை 26 நாளாக வைத்துக் கணக்கிட்டது. பி.எஃப். பணம் கொஞ்சம் தாமதித்து வந்தது. ராஜ்கோட்டில் செய்த ஆறு அடி லேத் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் பிடித்தேன். இதெல்லாம் எல்லோருக்கும் நடப்பது, இதில் சொல்ல ஒன்றும் இல்லை. அதற்குப் பிறகு வந்தவற்றைத்தான் எழுத ஆசை. ஒவ்வொன்றும் மிகச் சிறியது. வீட்டில் சாப்பிடும்போது சொல்லலாம் என்று வாயெடுத்தால், இதையா சொல்வது என்று நிறுத்திக்கொள்ளத் தோன்றும் அளவுக்குச் சிறியது.

முதலில் வெளிச்சம். கம்பெனிக் கூரை ரம்பப் பல் மாதிரி வரிசையாக ஏறி இறங்கும். அந்தப் பல்லின் கண்ணாடி முகங்கள் எல்லாம் வடக்கே பார்த்திருக்கும். நம் நாடு இருக்கும் இடத்துக்கு வடக்கிலிருந்து நேர் வெயில் வருடத்தின் பெரும்பகுதி விழாது. வெளிச்சம் மட்டும் வரும். நிழல் இல்லாத, கண்ணைக் கூசாத, காலையும் மாலையும் ஒரே மாதிரியான வெளிச்சம். வேலைக்கு அது மிக நல்லது, வேண்டுமென்றே யோசித்துக் கட்டியது. ஆனால் அதன் கீழே நிற்பவனுக்குப் பொழுது நகர்வது தெரியாது. சைரன் சொன்னால்தான் மதியம்.

என் பட்டறைக்குத் தகரக் கூரை. நடுவில் ஒரே ஒரு ஷீட், வெளிச்சத்துக்காகப் போட்ட ஃபைபர். அதன் வழியே ஒரு முழ அகலத்துக்கு வெயில் இறங்கும். காலையில் அது சுவரில் மாட்டியிருக்கும் ஸ்பேனர்கள் மேல் இருக்கும். பிறகு தரைக்கு இறங்கி, லேத்தின் பெட் மேல் ஏறி, உருப்படியைக் கவ்விச் சுற்றும் சக் பக்கத்திலிருந்து எதிர்முனை டெயில் ஸ்டாக் பக்கமாக மெல்ல நகரும். எண்ணெய் பூசிய தண்டவாளம் போன்ற அந்த பெட்டில் வெயில் படும்போது பழைய கீறல்கள் எல்லாம் தெரியும். எனக்கு முன்னால் இந்த மெஷினில் நின்றவர் எந்த இடத்தில் அதிகம் வேலை செய்திருக்கிறார் என்பது அந்தத் தேய்மானத்தில் இருக்கிறது. சக்குக்கு அருகே ஒரு சாண் தூரம் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. சின்னச் சின்ன வேலைகளாகச் செய்திருக்கிறார். ஆனி மாதத்தில் வெயில் விழும் இடமும் மார்கழியில் விழும் இடமும் வேறு என்பதை, இத்தனை வருடம் இரும்போடு இருந்தும், நான் இங்கே வந்துதான் கண்டேன்.

அடுத்து, டீ. கம்பெனியில் டீ வண்டி வரும் நேரம் எழுதி வைத்தது. வண்டி வரும்போது மெஷினில் எந்த நிலையில் வேலை இருந்தாலும் நிறுத்த வேண்டும், பத்து நிமிடத்தில் திரும்ப வேண்டும். பாதி கடைந்த ஷாஃப்ட் சக்கில் தொங்கிக்கொண்டிருக்க, வாயில் டீ இருக்கும், மனது மெஷினில் இருக்கும். இப்போது கட் முடிந்த பிறகுதான் டீ. கடைசி ஓட்டம் ஓடி, டூலைப் பின்னால் இழுத்து, மெஷினை நிறுத்தினால், மோட்டார் ஓய்ந்த பிறகும் சக் தன் கனத்தில் இன்னும் சில சுற்று சுற்றும். அது தானாக நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருப்பேன். கையால் பிடித்து நிறுத்தக் கூடாது என்பது பாதுகாப்பு விதி. அந்த விதியை இப்போது இன்பமாகக் கடைப்பிடிக்கிறேன். சக் நின்ற பிறகு கையைத் துணியில் துடைத்துக்கொண்டு தெருமுனைக் கடைக்கு நடக்கிறேன். குடிக்கும் டீயில் ஒரு முழுமை இருக்கிறது. பின்னால் எதுவும் அந்தரத்தில் தொங்கவில்லை.

டூல் தீட்டுவதைப் பற்றி விரிவாகச் சொல்ல வேண்டும். கம்பெனியில் டூலின் நுனியில் மாட்டும் இன்சர்ட்டுகள். முனை மழுங்கினால் திருப்பிப் போடு, எல்லா முனையும் போனால் ஸ்டோரில் சீட்டுக் கொடுத்துப் புதிது வாங்கு. கோணம் எல்லாம் செய்தவன் முடிவு செய்தது. இங்கே நான் ஹைஸ்பீடு ஸ்டீல் துண்டை அரவைக்கல்லில் வைத்து நானே தீட்டுகிறேன். முன்பக்கச் சரிவு, பக்கச் சரிவு, மேல் சரிவு. எஃகுக்கு மேல் சரிவு தாராளமாக வேண்டும். பித்தளைக்கு மேல் சரிவே கூடாது, கொடுத்தால் டூல் உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடும். இது பாடத்தில் படித்தது. பாடத்தில் இல்லாதது, என் மெஷினின் குணம். இந்த லேத்துக்கு வயதாகிவிட்டது, டூலைத் தாங்கி நகரும் கேரேஜில் லேசான ஆட்டம் உண்டு. அதற்கு ஏற்ற மாதிரி முனையின் உருண்டையைக் கொஞ்சம் குறைத்துத் தீட்டினால் அதிர்வு அடங்குகிறது. அந்தக் கோணம் எந்தப் புத்தகத்திலும் இல்லை, என் விரலில் இருக்கிறது. தீட்டும்போது முனை சூடாகும், உடனே பக்கத்துத் தண்ணீர் டப்பாவில் தோய்ப்பேன், சுர் என்று ஒரு சின்னச் சத்தம். எண்ணெய்க் கல்லில் இரண்டு இழுப்பு இழுத்து, நகத்தின் மேல் வைத்துப் பார்ப்பேன். வழுக்காமல் பிடித்தால் கூர் வந்துவிட்டது.

அந்த முனையில் எஃகு உரிந்து வரும்போது சுருளைப் பாருங்கள். கம்பெனியிலும் அதே எஃகு, அதே சுருள்தான். அங்கே அது குப்பை, கூட்டி அள்ளும் ஆள் தனி. இங்கே கவனிக்க எனக்கு உரிமை கிடைத்திருக்கிறது. வேகம் குறைவாக இருந்தால் சுருள் வெள்ளி நிறத்திலேயே வரும். கார்பைடு டூல் போட்டு வேகம் ஏற்றினால் முதலில் வைக்கோல் மஞ்சள், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, கடைசியில் மயில் கழுத்து நீலம். சுருள் வரும்போது ஒரு நிறம், கீழே விழும் நேரத்தில் இன்னொரு நிறம். சூட்டில் எஃகின் மேல் படியும் மெல்லிய ஆக்சைடு படலம் அது. படலத்தின் கனம் மாற மாற நிறம் மாறுகிறது. 220 டிகிரி வாக்கில் மஞ்சள், 300 வந்தால் நீலம். சூட்டை அளக்க வேறு கருவி வேண்டாம், சுருளே சொல்லும். வார்ப்பிரும்புக்குச் சுருள் கிடையாது. கரும்பொடியாகக் கொட்டும், மூக்கு வரை கறுப்பாகும். பித்தளை பொன் ஊசிகளாகத் தெறிக்கும், சட்டைக் கைக்குள் புகுந்து ராத்திரி படுக்கையில் குத்தும். என் மகள் நீலச் சுருள்களை மட்டும் பொறுக்கி ஒரு ஹார்லிக்ஸ் பாட்டிலில் போட்டு வைத்திருக்கிறாள். கையைக் கிழிக்கும் என்று கத்திரிக்கோல் இடுக்கியால் எடுக்கச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போது அளப்பதற்கு வருகிறேன். எனக்கு இந்த மாற்றம் முழுவதும் இந்த ஒரு இடத்தில் அடங்கியிருப்பதாகப் படுகிறது.

பம்பு ஷாஃப்ட்டில் பேரிங் உட்காரும் இடம் என்று ஒன்று உண்டு. 6205 நம்பர் பேரிங் என்றால் அதன் உள்வட்டம் 25 மில்லிமீட்டர். ஷாஃப்ட் அதைவிடத் துளி கூடுதலாக இருக்க வேண்டும். வழக்கமான பொருத்தத்துக்கு 2 மைக்ரானிலிருந்து 15 மைக்ரான் வரை. தலைமுடி ஒன்றின் கனம் சுமார் 70 மைக்ரான் என்று வைத்துக்கொண்டால் இது எவ்வளவு சிறிய இடைவெளி என்று புரியும். இந்த இடைவெளிக்குள் நிற்காவிட்டால் என்ன ஆகும்? கூடிப்போனால் பேரிங்கை அடித்து ஏற்ற வேண்டும், அதன் ஆயுள் அப்போதே குறையும். குறைந்துபோனால் பேரிங்கின் உள்வளையம் ஷாஃப்ட்டின் மேல் வழுக்கிச் சுற்றும், கொஞ்சம் கொஞ்சமாக ஷாஃப்ட்டைத் தின்றுவிடும்.

இதில் சூடு வந்து குறுக்கே நிற்கிறது. கடைந்து முடித்த எஃகு சுடும். சுடும் எஃகு விரிந்திருக்கும். ஒரு மீட்டர் எஃகு ஒரு டிகிரிக்குச் சுமார் 11 அல்லது 12 மைக்ரான் நீளும். 25 மில்லிமீட்டர் தடிமனுக்குக் கணக்குப் போட்டால், 40 டிகிரி கூடுதல் சூட்டில் 11 மைக்ரானுக்குக் கொஞ்சம் மேல். மைக்ரோமீட்டரில் ஏறக்குறைய ஒரு கோடு. சூட்டோடு அளந்து, 10 மைக்ரான் கூடுதல் இருக்கிறது, சரியாக இருக்கிறது என்று இறக்கி வைத்தால், ஆறிய பிறகு அந்தக் கூடுதல் முழுவதும் மறைந்து போயிருக்கும். கண் பார்த்தது உண்மை, மைக்ரோமீட்டர் காட்டியது உண்மை, ஆனால் ஷாஃப்ட் லூஸ்.

கம்பெனியில் இதற்கு ஏற்பாடு உண்டு: கூலண்ட் பாயும், பிறகு கிரைண்டிங் உண்டு, கேஜ் வைத்துப் பார்க்கும் ஆள் தனி. டர்னருக்கு ஒரு உருப்படிக்கு இத்தனை நிமிடம் என்று பலகையில் எழுதியிருக்கும். அந்த நிமிடத்துக்குள் ஆறும் நேரம் சேராது. என் பட்டறையில் கிரைண்டிங் மெஷின் கிடையாது, லேத்திலேயே அளவுக்குக் கொண்டுவர வேண்டும். ஆகவே கடைசி ஓட்டத்துக்கு முன்னால் நிறுத்துகிறேன். ஷாஃப்ட்டைச் சக்கிலிருந்து கழற்றாமல் அப்படியே விடுகிறேன். கழற்றினால் மையம் போய்விடும். புறங்கையை வைத்துப் பார்க்கிறேன். இன்னும் சூடு. சும்மா நிற்கிறேன். டூல்களை அடுக்கலாம், தரையைக் கூட்டலாம், பெரும்பாலும் செய்வதில்லை. அந்த நேரத்தை எதனாலும் நிரப்பாமல் விடுவதுதான் எனக்குப் பிடித்திருக்கிறது. கம்பெனியில் ஒரு டர்னர் மெஷின் முன்னால் கைகட்டி நின்றால் யாராவது வந்து கேட்பார்கள். இங்கே இரும்பு ஆறுவதற்காக ஒரு மனிதன் காத்திருக்கிறான், அதற்கு யாரிடமும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. நான் வேலையை விட்டு எதை வாங்கினேன் என்று யாராவது கேட்டால் இந்த நிமிடங்களைத்தான் காட்டுவேன்.

ஆறியதும் மைக்ரோமீட்டரைத் துணியால் துடைத்து, 25-50 அளவுக்கானதை எடுத்து, சோதனைக் கம்பி வைத்து பூஜ்யம் சரியா என்று பார்த்து, பிறகு ஷாஃப்ட்டில் வைக்கிறேன். கைப்பிடியின் ராட்செட்டைத் திருப்பினால் டிக் டிக் டிக் என்று மூன்று முறை சொல்லி நிற்கும். அந்த மூன்று சத்தத்துக்கு அப்புறம் வரும் எண் நம்பக்கூடிய எண்.

இந்த ஷாஃப்ட் யாருக்குப் போகிறது என்று இப்போது எனக்குத் தெரியும் என்பது இன்னொரு சுகம். கம்பெனியில் டிராலியில் அடுக்கியதோடு சரி. இங்கே அன்னூர்ப் பக்கத்திலிருந்து ஒரு விவசாயி மோட்டாரையே பிரித்து, ஷாஃப்ட்டைச் சாக்கில் சுற்றி டி.வி.எஸ். எக்ஸெல்லில் வைத்துக் கொண்டுவருகிறார்.

"ஏனுங்க, இது இன்னைக்கே ஆகுமுங்களா? வாழைக்குத் தண்ணி விட்டு நாலு நாளாச்சுங்க."

"சாயங்காலம் ஆகுமுங்க. ஆறவிட்டுத்தான் ஏத்தணும், அவசரப்பட்டா மறுபடியும் இதே வேலைதானுங்க."

"நீங்க சொன்னாச் சரிங்க. நான் இங்கயே உக்காந்துக்கறேன்."

அவர் ஸ்டூலில் உட்கார்ந்து, நான் காத்திருக்கும்போது அவரும் என்னோடு காத்திருப்பார். பேச்சு கிணற்று ஆழத்தில் தொடங்கி மகளின் கல்யாணம் வரை போகும். பிறகு கூலி. இந்த இடத்தில் முதலில் எனக்கு நாக்கு எழவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும். இருபது வயதிலிருந்து என் உழைப்பின் விலையை வேறு யாரோ ஓர் அறையில் உட்கார்ந்து முடிவு செய்து, மாதக் கடைசியில் சீட்டில் எழுதிக் கொடுத்தார்கள். அதை நானே வாய் திறந்து சொல்ல வேண்டிய நாள் வந்தபோது, அந்தத் தொகையைவிட அதைச் சொல்லும் குரல் எனக்குப் புதிதாக இருந்தது. இப்போது சொல்கிறேன். நேரே பார்த்து, குறைக்காமல், கூட்டாமல். அவர் சட்டைப் பையிலிருந்து எடுத்து எண்ணிக் கொடுக்கிறார். சிலர் சுவரில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையில் போனைக் காட்டுகிறார்கள். இரண்டு மூன்று நாள் கழித்துப் போன் வரும்: "தண்ணி நல்லா எடுக்குதுங்க." அவ்வளவுதான் பேசுவார், வைத்துவிடுவார்.

முன்னால் ஒரு முதலாளி, இப்போது வருகிறவர் எல்லாம் முதலாளி, இதில் என்ன விடுதலை என்று பழைய நண்பர்கள் கேட்பதுண்டு. கேள்வி நியாயமானது. என் பதில் இது: வருகிறவர்களில் ஒருவரிடம் முடியாது என்று சொல்ல முடிகிறதே, அதில் இருக்கிறது. ஒரு கம்பெனி பெரிய ஜாப் ஒர்க் கொடுத்தது. வேலை நிறைய, தொகையும் பரவாயில்லை. பணம் மட்டும் வராது. 2006-ஆம் வருட எம்.எஸ்.எம்.இ. சட்டம் சிறு தொழிலுக்குத் தர வேண்டிய பணத்தை 45 நாளுக்குள் கொடுக்கச் சொல்கிறது. சட்டத்தைச் சொல்லிக் கேட்டால் அடுத்த வேலை வராது என்று பயந்து பலர் கேட்பதில்லை. அடுத்த லோடு வந்தபோது, "இல்லீங்க, நமக்குக் கட்டுப்படியாகாதுங்க" என்றேன். குரல் உயரவில்லை. வேன் திரும்பிப் போனது. அந்த மாதம் வீட்டில் இழுபறியாகத்தான் இருந்தது. ஆனாலும் அந்த ஒரு வாக்கியத்தைச் சொன்ன பிறகு மெஷின் முன்னால் நின்றபோது முதுகு நேராக இருந்ததை உடம்பு இன்னும் நினைவில் வைத்திருக்கிறது.

மணிக்கணக்கு பார்த்தால் கம்பெனியைவிட இங்கேதான் அதிக நேரம் உழைக்கிறேன். காய்ச்சல் வந்தால் அன்று வருமானம் இல்லை. மருத்துவ விடுப்பு, இ.எஸ்.ஐ. எதுவும் கிடையாது. எனக்கு முன்னால் தொழில் தொடங்கியவர்கள் 2011, 2012 வாக்கில் பட்ட பாட்டைக் கேட்டிருக்கிறேன். கோவையில் ஒரு நாளில் பல மணி நேரம் மின்சாரம் இல்லாத காலம் அது. கரண்ட் எப்போது வருகிறதோ அப்போது வேலை. நடுராத்திரி ஃபேன் சுற்றத் தொடங்கினால் தூக்கத்திலிருந்து எழுந்து லேத்துக்கு ஓடினார்கள். கடன் வாங்கியவர்கள் மெஷினை விற்றார்கள், சிலர் மறுபடியும் கம்பெனி கேட்டுக்குப் போய் நின்றார்கள். அவர்களிடம் இந்தக் கட்டுரையைப் படித்துக்காட்ட எனக்குத் துணிவு வருமா என்று தெரியவில்லை. ஆனால் திரும்பிப் போன ஒருவரே என்னிடம் சொன்னது: வாய்ப்புக் கிடைத்தால் மறுபடியும் பட்டறை போடுவேன், ஆனால் இந்த முறை வாடகை இல்லாத இடத்தில்.

ஆயுத பூஜைக்குக் கம்பெனியில் பொரியும் கடலையும் இனிப்புப் பொட்டலமும் தருவார்கள். பூஜையை வேறொருவர் செய்வார், நாங்கள் வரிசையில் நிற்போம். இப்போது முதல் நாள் இரவே மண்ணெண்ணெய் விட்டு மெஷினைத் துடைக்கிறேன். லீட் ஸ்க்ரூவின் ஒவ்வொரு பள்ளத்திலும் நூல் விட்டு இழுத்து அழுக்கு எடுக்கிறேன். என் மனைவி டெலிவரி சலான் புத்தகத்துக்கும் பொட்டு வைக்கிறாள். அதை எழுதுவது அவள்தான், ஆகவே அது அவளுடைய ஆயுதம்.

பழைய கம்பெனியில் என் பக்கத்து மெஷினில் நின்ற ஒரு தம்பி இப்போது ஞாயிற்றுக்கிழமைகளில் வருகிறான். அவனுக்கும் வெளியே வர ஆசை. "அண்ணா, எவ்வளவு பணம் கையில இருந்தா இறங்கலாம்?" என்று கேட்டான். ஆறு மாதச் சாப்பாட்டுச் செலவை முதலில் தனியாக எடுத்து வை என்றேன். லேத் பிறகு பார்க்கலாம், இப்போதே ஒரு நல்ல மைக்ரோமீட்டர் வாங்கு, கம்பெனிக் கருவியில் அளந்த கண்ணுக்குச் சொந்தக் கருவி பழக நாளாகும் என்றேன். வாங்கிவிட்டான். போன வாரம் என் அரவைக்கல்லில் அவனே ஒரு டூல் தீட்டினான். மேல் சரிவு கொஞ்சம் அதிகம், ஆனால் தைரியமான கை. ஆவாரம்பாளையத்தில் ஒரு ஷெட் வாடகைக்கு வருகிறதாம், த்ரீ பேஸ் லைன் ஏற்கெனவே இருக்கிறதாம். வருகிற ஞாயிறு அட்வான்ஸ் பேச அவனோடு நானும் போகிறேன். கூரையில் வெளிச்சத்துக்கு ஷீட் போட்டிருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.